அங்கீகாரம் பெற்ற ஆறு

உடுமலைப்பேட்டையில் தேங்காய் மண்டி வைத்திருந்த தனபால், அமெரிக்காவில் மகள் நந்திதா வீட்டில் ஒரு கோடைகாலம் தங்கிவிட்டுத் திரும்பியபோது, எல்லாரையும் போலப் பாதாம் பருப்பும் சாக்லேட்டும் கொண்டுவரவில்லை. ஓர் ஊரையே கொண்டுவந்தார்.

ஊரின் பெயர் ஆலிவர் ஃபெரி. பெரிய ஆறு ஒன்று வளைந்து திரும்புகிற இடத்தில், ஒரு கடைவீதி, ஒரு சர்ச், ஒரு மியூசியம். அவ்வளவுதான் பூகோளம். மருமகன் ஆபீசுக்கும் மகள் கம்ப்யூட்டருக்கும் போய்விட்ட பிறகு தனபாலுக்குப் போக்கிடம் மியூசியம் ஒன்றுதான். ஆகவே வரலாறும் மனப்பாடமாயிற்று. ஆலிவர் என்றொரு படகுக்காரர் அக்கரைக்கு ஆள் ஏற்றி இறக்கியதால் ஊர் உண்டாயிற்று. ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தெட்டில் வெள்ளம் வந்து சர்ச்சையும் ஆலிவரையும் சேர்த்து அடித்துக்கொண்டு போயிற்று. மிஞ்சியவர்கள் மேட்டில் ஏறி மறுபடி கட்டினார்கள். ரயில் வரும் என்று காத்திருந்தார்கள். ரயில் பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. அதன் பிறகு அங்கே ஒன்றுமே நடக்கவில்லை. அந்த ஒன்றும் நடக்காததைப் பார்க்கத்தான் சனி ஞாயிறுகளில் ஜனங்கள் கார் காராக வந்து இறங்கினார்கள். தனபால் இதை வியாபாரிக் கண்ணால் கவனித்துக்கொண்டார்.

தொண்டாமுத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் அவருக்கு ஒரு தென்னந்தோப்பு இருந்தது. அதை லேஅவுட் போட்டு ஆலிவர் ஃபெரி என்று பெயரிட்டார். தோப்புக்கு நடுவே மலையிலிருந்து இறங்கி ஒரு பள்ளம் போய்க்கொண்டிருந்தது. மற்ற ஊர்க்காரர்கள் ஓடை என்பார்கள். அது இருந்தால் அனுமதி கிடைக்காது. எனவே அளக்க வந்தவர்கள் சித்திரை மாதத்து மத்தியானத்தில், குடை பிடித்து நின்று, பள்ளத்தைக் கூர்ந்து ஆராய்ந்தார்கள். தண்ணீர் தென்படவில்லை. தண்ணீர் இல்லாதது நீர்வழி ஆகாது என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். பள்ளத்தை மூடி அதன்மேல் ஆலிவர் அவென்யூ என்னும் மெயின் ரோட்டைப் போட்டார் தனபால்.

மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும் என்று அவர் மனைவி வள்ளியாத்தாள் கேட்டாள். அதற்குத்தான் ஆறு கட்டுகிறேனே என்றார் இவர்.

கட்டவும் கட்டினார். சிமெண்ட் ஆறு. அடியில் நீலப் பெயிண்ட். அமெரிக்காவில் எங்கே வளைந்ததோ அங்கே வளைந்தது. காலையும் மாலையும் மோட்டார் போட்டால் ஓடும். வீடுகள் கிடுகிடுவென விற்றன. வந்தவர்கள் தொப்பி வைத்துக்கொண்டு நாய்களைக் கரையோரம் நடத்திப் போனார்கள். பஸ் கண்டக்டர் மட்டும் அந்த நிறுத்தத்தை "அல்வாப்பேரி" என்று அழைத்தார். வருஷம் ஒருநாள் வெள்ள நினைவு நாள் கொண்டாடினார்கள். ஆலிவருக்காக ஒரு நிமிடம் மௌனம், பிறகு கேக், பிறகு பஃபே. வளைவில் இருந்த முதல் வீட்டில் தனபாலே குடியேறினார். காலையில் மோட்டார் சத்தம் கேட்கும்போது அவருக்கு மகள் பக்கத்தில் இருப்பது போலவே இருக்கும்.

குடியிருப்போர் சங்கத் தலைவர் பாலகோபால், மில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்தான் குறையைக் கண்டுபிடித்தார். விளம்பரத்தில் ஆற்றங்கரை வீடு என்று இருக்கிறது, பத்திரத்தில் ஆற்றையே காணோம். நாளைக்கு விற்கப் போனால் விலை ஏறாது. சங்கம் கூடி, ஆற்றுக்கு அரசு அங்கீகாரம் பெற்றுத்தர ஆவன செய்யுமாறு தனபாலைக் கேட்டுக்கொண்டது.

தாசில்தார் வெங்கடபதி விதிப்படி நடப்பவர். யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடிக்கமாட்டார். விண்ணப்பத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தார்.

"ஆறு எங்க உற்பத்தி ஆகுதுங்க?"

"பம்ப் ரூம்லீங்க."

எழுதிக்கொண்டார். "எங்க போய்க் கலக்குது?"

"தொட்டீலீங்க. அங்கிருந்து திருப்பியும் பம்ப் ரூமுக்கே வந்துரும்."

"அப்படீன்னா ஜீவநதி," என்று அதையும் எழுதினார். "கடைசியா எப்ப வெள்ளம் வந்துச்சு?"

"வெள்ளம் எப்படீங்க வரும்? சுவிட்ச் நம்ம கையில இருக்குதுங்களே."

பேனா நின்றுவிட்டது. "வெள்ளம் வராட்டி அது ஆறு இல்லீங்க, வாய்க்கால். வாய்க்காலுக்கு வேற செக்‌ஷன். மூணாவது மாடி. லிப்ட் ஓடறதில்லை."

தனபாலுக்கு முழங்கால் வலி உண்டு. ஒரு கணம் யோசித்தார். "ஆலிவர் ஃபெரியில அறுபத்தெட்டுல வந்துச்சுங்க. ஆயிரத்து எண்ணூத்து அறுபத்தெட்டு. சர்ச்சே போயிருச்சு."

"உங்க லேஅவுட் பேரு என்னங்க?"

"ஆலிவர் ஃபெரிங்க."

"அப்பறம் என்னங்க யோசனை? ஆதாரம் இருந்தா குடுத்துப்போடுங்க."

ஆலிவர் படமும் வெள்ளக் குறிப்பும் மாட்டியிருந்த மியூசியத்துச் சுவரை நந்திதா படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினாள். அடுத்த வாரமே, மேற்படி ஆறு ஆறுதான் என்றும், மேற்படி ஊரில் மேற்படி வெள்ளம் வந்தது மெய்தான் என்றும் சான்றிதழ் கிடைத்தது. தனபால் அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மலைமேல் பலத்த மழை. கரண்ட் போய்விட்டது. மோட்டார் நின்றதால் ஆறு காய்ந்து கிடந்தது. ஆலிவர் அவென்யூவில் மட்டும் செம்மண் கரைசலாகத் தண்ணீர் புரண்டு வந்தது. புதிதாகக் குடிவந்த சிலர் இதுதான் வெள்ள நினைவு நாள் போலிருக்கிறது என்று பால்கனியில் நின்று கை தட்டினார்கள். சோபா மிதந்து வெளியே போனதும் நிறுத்திக்கொண்டார்கள்.

தனபாலும் வள்ளியாத்தாளும் மாடிக்கு ஏறிவிட்டார்கள். கீழே பிரிட்ஜ் மல்லாந்து மிதந்தது. நம்பி வாங்கிய சனங்களின் சாமான்கள் ஒவ்வொன்றாகப் போவதை அவர் எண்ணிக்கொண்டிருந்தார். மனைவி என்ன சொல்வாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தார்.

"பள்ளம் வந்திருக்குதுங்க," என்றாள் அவள். "நீங்க எழுதி வாங்குனது அதுக்குத் தெரியாது போல."

மறுநாள் தாசில்தார் வெங்கடபதி பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு பார்வையிட வந்தார். முழங்கால் தண்ணீரில் நின்றபடி ஃபைலைப் புரட்டினார். தண்ணீர் வந்த இடத்தில் நீர்வழி கிடையாது. நீர்வழி இருக்கிற இடத்தில் தண்ணீர் கிடையாது. ஆகவே வெள்ளம் வரவில்லை, நிவாரணமும் இல்லை என்று விளக்கினார்.

அப்படியானால் நீங்கள் எதில் நின்றுகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டார் பாலகோபால்.

"எனக்குத் தெரியுதுங்க. ஃபைலுக்குத் தெரியோணுமல்ல?"

ஆனால் நல்ல மனுஷர். நனைந்த பாயோடு நிற்கிற சனங்களைப் பார்த்து அவர் மனம் இளகியது. பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். இந்த ஊரில் அங்கீகரிக்கப்பட்ட வெள்ளம் ஒன்று இருக்கிறது. அறுபத்தெட்டாம் வருஷத்து வெள்ளம். அதற்கு இதுவரை யாருமே நிவாரணம் கேட்கவில்லை. அதில் இறந்துபோன ஆலிவருக்கு வாரிசு என்று வருகிறவர்களுக்குக் கொடுக்கத் தடை ஏதுமில்லை.

சமுதாயக் கூடத்தில் முகாம் போட்டார்கள். லேஅவுட் முழுவதும் வாரிசாக வந்து வரிசையில் நின்றது. தாலுகா ஆபீஸ் மிஸ்பா மேஜை போட்டு உட்கார்ந்து பதிந்தாள். முதல் ஆளாகத் தனபால் நின்றார். முன்னோர் பெயர் ஆலிவர், தொழில் படகு என்பது வரை மளமளவென்று போயிற்று.

"சாதி என்னங்க?" என்றாள் மிஸ்பா. "அவரோடது. இந்தக் கட்டத்தைக் காலியா உட்டா கம்ப்யூட்டர் எடுத்துக்காது."

தனபால் அதிகம் யோசிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நம்மாளுங்கதான்," என்றார்.

பின்னால் நின்ற பாலகோபாலுக்கு அது கேட்டுவிட்டது. "அதெப்படீங்க? எங்க தாத்தா அடிக்கடி சொல்லுவாரு. ஆலிவர் எங்க வகையறா."

பஃபேயில் ஒரே தட்டில் பங்கிட்டுச் சாப்பிட்டவர்கள் அத்தனை பேரும் அரை மணி நேரத்தில் இரண்டு வரிசையாகப் பிரிந்தார்கள். ஒருவர் ஆலிவரின் குலதெய்வத்தைச் சொன்னார். இன்னொருவர் அவருக்குப் பெண் கொடுத்த ஊரைச் சொன்னார். தனபால் தன் வரிசையின் முன்னே நின்று, ஆலிவரின் நெற்றியும் தன் அப்பாவின் நெற்றியும் ஒரே அச்சு என்று மியூசியப் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்ல அது அவருக்கே உண்மையாகத் தோன்றி, கண்கூடக் கலங்கிற்று.

தாசில்தார் முடிவு சொல்லட்டும் என்று இரு தரப்பும் அவர் முன் வந்து நின்றன. வெங்கடபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"இத்தனை நாளா வெளிய சொல்ல வேண்டாம்னு இருந்தனுங்க," என்றார். "உண்மையில அவரு எங்காளு."

மிஸ்பா எழுந்து, மூன்றாவது வரிசைக்குக் கயிறு கட்டச் சொன்னாள்.