சடையன் மரத்திலிருந்து இறங்குவானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, கொல்லிமலை ஆலத்தூர் நாட்டு மிளகு விவசாயி செங்கோட்டையன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே இந்த வருஷம் மழைக்கும் மிளகுக்கும் குறைவில்லை. அங்கே தாங்களும் குடும்பத்தாரும் சுகம்தானே?

எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மா ரோஸ்லின் உங்கள் பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிறார் அல்லவா, அதில் வரும் மிளகுக்காரன் சடையன் நான்தான். இடது முழங்கால் வலி என்னுடையது. காக்காயை வாங்க போங்க என்று மரியாதையாகத் திட்டுவதும் நான்தான். நாடி பிடிக்கும்போதே "மழைக்கு முன்னாடி எந்தக் குருவிங்க கத்தும்?" என்று அந்தம்மா கேட்டபோது, வைத்தியத்துக்குத்தான் கேட்கிறார் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சடையனுக்குக் காதுக்குப் பின்னால் மச்சம் என்று எழுதியிருந்தார். நமக்கு அது கிடையாதே என்று இரண்டு கண்ணாடி வைத்துப் பார்த்தால், ஐயா, இருக்கிறது! ஐம்பத்தெட்டு வருஷமாக எனக்கே தெரியாத மச்சம்.

போன இதழில் சடையன் மிளகு பறிக்க ஏணியில் ஏறுகிறான், உச்சியில் கிளை முறியும் சத்தம் கேட்கிறது, உடனே 'தொடரும்' என்று போட்டுவிட்டீர்கள். என் ஊட்டுக்காரி பாவாயி அன்றைக்கே ஏணியைத் தூக்கி அவள் அண்ணன் வீட்டில் போட்டுவிட்டாள். "காதுக்குப் பின்னாடி இருக்கறதப் பாத்த கண்ணு, உங்க ஆயுசப் பாக்காதுங்களா?" என்கிறாள். சரி, நேரிலேயே கேட்போம் என்று இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டரம்மா எனக்குப் பிரஷர் பார்த்துக்கொண்டே, "பொழப்பானா மாட்டானான்னு எனக்கே இன்னும் தெரியலீங்க" என்றார். வரிசையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். சாயங்காலமே ரெண்டு பேர் மலை வாழைப்பழத்தோட என்னைப் பாக்க வந்துட்டாங்க. மிளகு பழுத்துச் சிவந்து நிக்குது, குருவி தின்னுட்டிருக்குது. எனக்கும் உள்ளுக்குள்ள பயந்தானுங்க. அவன் இறங்கறானா இல்லையான்னு ஒரு வரி எழுதிப் போடுங்க. இனிமே என்னைப் பத்தி ஒரு எழுத்தும் வரக்கூடாதுங்க.

தங்கள் அச்சாபீசும் பிள்ளைகுட்டிகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க அறப்பளீஸ்வரரை வேண்டும்,
செங்கோட்டையன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் டாக்டரம்மாவே வீட்டுக்கு வந்துவிட்டார். "நீங்க ஏறுங்க, நான் பாத்து எழுதறேன்" என்றார். டாக்டரே கீழே நிற்கிறார் என்ற தைரியத்தில் பாவாயியே ஏணியை எடுத்துவந்தாள். ஏறினேன், பறித்தேன், இறங்கினேன். ஒரு குச்சிகூட முறியவில்லை. "மேல இருந்து என்ன பாத்தீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். பாவாயி ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றதைப் பார்த்தேன் என்று மெதுவாகச் சொன்னேன். முப்பது வருஷமாக ஏறுகிறேன், இன்றைக்குத்தான் கீழே பார்த்தேன். ஆகவே மேலே கேட்டதெல்லாம் வேண்டாம் ஐயா. சடையன் கீழே பார்த்ததை டாக்டரம்மா எழுதி அனுப்புவார், அந்த வரியை மட்டும் வெட்டாமல் போடுங்கள். எனக்கு வாய்விட்டுச் சொல்ல வராது. பாவாயி எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவாள்.