டப்பாவில் இருக்கும் கை

"கையை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா? எழுந்ததுலேர்ந்து பரபரன்னு சொறிஞ்சுக்கிட்டு!" என்று அடுப்படியிலிருந்து மனைவி சத்தம் போட்டாள்.

சும்மா இருக்கத்தான் பார்த்தான் பட்டுக்கை. கைதான் இருக்க விடவில்லை. விரல் இடுக்கில் ஆரம்பித்த அரிப்பு, அவன் பல் துலக்கி முடிப்பதற்குள் புறங்கை முழுக்கக் குடித்தனம் வந்துவிட்டது.

மற்றவர்கள் என்றால் நாலு சொறி சொறிந்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். இவனுடைய வலது கை, களிம்புக் கம்பெனியின் டப்பாவில் அச்சாகியிருக்கும் கை. பேக்கிங் பிரிவில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவனை, "உன் கை நல்லா இருக்கேப்பா" என்று முதலாளி ஒருநாள் அழைத்துப் படம் எடுக்க வைத்தார். அதிலிருந்து கடை கடையாகப் போய், டப்பாவையும் களிம்பு பூசிய கையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டுவதுதான் உத்தியோகம். பட்டுக்கை என்ற பெயரும் அப்படி வந்து ஒட்டிக்கொண்டதுதான்.

இன்றைக்குப் புது டப்பாவுக்குப் புதுப் படம். முதலாளியே நேரில் வருகிறார். கை சரியில்லை என்றால் திரும்பவும் பேக்கிங் பிரிவு.

"இங்க பாரு, எப்படிச் சிவந்திருக்குன்னு."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நேத்து பாத்திரம் கழுவச் சொன்னேன். இன்னிக்கு அரிப்பு வந்துடுச்சு. வராம என்ன செய்யும்?"

"சத்தியமா அதுக்கில்லைடி!"

"சோப்பு ஒத்துக்கலைன்னு சொல்லப்போறீங்க. சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

அவன் சொல்ல நினைத்தது அதைத்தான்.

வீட்டில் களிம்புக்கா பஞ்சம்? கம்பெனி இலவசமாகத் தரும் டப்பாக்கள் அலமாரி கொள்ளாமல் கிடந்தன. ஒன்றைத் திறந்து வழித்துப் பூசினான். ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கிற கொழுப்பு, லானோலின் என்று பெயர், தோலைப் பூவாக்கிவிடும் என்று கடைக்காரர்களிடம் ஒரு மூச்சில் ஒப்பிப்பான். பூசியதும் இதமாகத்தான் இருந்தது. சட்டைப் பொத்தான் போடுவதற்குள் பொரிப்பொரியாகக் கிளம்பிவிட்டது.

'கொஞ்சமாப் பூசிட்டோம் போல' என்று இன்னொரு விழுது அள்ளி அப்பினான். அரிப்பு மணிக்கட்டைத் தாண்டியது. அறைக்குள் இரண்டு நடை நடந்தான். உட்கார்ந்தான். எழுந்தான்.

கண்ணாடி முன்னால் மனைவியின் உதட்டுப் பூச்சு இருந்தது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் லானோலின் என்று படித்ததும் அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நம்ம சரக்கு! முழுவதையும் தேய்த்துத் தீர்த்தான். கை வீங்க ஆரம்பித்தது.

பிள்ளை பெற்ற அலுப்பில் அக்கா வீட்டுக்கு வந்து தங்கியிருந்த மச்சினி, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"மாமா, இதைப் போட்டுப் பாருங்க. பால் குடுக்கற அம்மாக்களுக்குன்னு டாக்டர் எழுதிக் குடுத்தது. குழந்தை வாயில பட்டாக்கூட ஒண்ணும் பண்ணாதாம்."

"இதுல என்ன இருக்கு?"

"வேற ஒண்ணுமே இல்ல மாமா. முழுக்க முழுக்க லானோலின்."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன!" என்று குழாயைப் பிதுக்கிக் காலி செய்தான்.

செருப்பு மாட்டும்போது கை, பேக்கரி பன் மாதிரி உப்பியிருந்தது. அப்போதுதான் மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஐயையோ, என்னங்க இது! நிஜமாவே அரிப்புதானா? இனிமே நீங்க பாத்திரத்தைத் தொடவே வேணாம்!"

கல்யாணமான நாளிலிருந்து அவன் ஏங்கிக் கிடந்த வார்த்தை. சந்தோஷப்படத்தான் முடியவில்லை.

கையைக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு ஓடினான். வயதான போட்டோக்காரர் விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தார். சுவரில் கம்பெனியின் பழைய டப்பாக்கள் மாட்டியிருந்தன. எல்லாவற்றுக்கும் முதல் டப்பாவில் வேறொரு கை. யாருடையது என்று கம்பெனியில் ஒருவருக்கும் தெரியாது. நம்மைவிட ஒரு மாற்றுக் கம்மிதான் என்று பட்டுக்கை அதை அலட்சியமாகப் பார்ப்பது வழக்கம். இன்று நிமிர்ந்து பார்க்கவே வெட்கமாக இருந்தது.

முதலாளி வந்தார். எப்போதும்போல இரண்டு கையிலும் வெள்ளைத் துணி உறை. அடுத்தவர் தொட்டதைத் தொடமாட்டார், அவ்வளவு திமிர் என்பது ஆபீஸ் பேச்சு.

"கையைக் காட்டுப்பா."

"இந்தத் தடவை இடது கையில எடுத்தா புதுசா இருக்கும்ங்கய்யா..."

"வலது கை."

இழுத்தான். களிம்புப் பிசுக்கில் கையோடு பையின் துணியும் சேர்ந்து வெளியே வந்தது. முதலாளியின் முகம் வெளிறிப்போயிற்று. தன் உறையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"படம் வேண்டாம். வேற கை பார்த்துக்கலாம்" என்றவர், தன் பெட்டியைத் திறந்து ஒரு ஜோடி புது உறையை எடுத்து அவன் முன்னால் வைத்தார். "நாளைலேர்ந்து இதைப் போட்டுக்கிட்டு வா." விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

பேக்கிங் ஆட்கள்தான் கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்வார்கள். பட்டுக்கைக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டில் போய் எந்த முகத்தோடு சொல்வது?

"அவ்வளவுதானாண்ணே? மறுபடியும் லேபிள் ஒட்டத்தானா?"

போட்டோக்காரர் ஒயரைச் சுருட்டியபடியே சிரித்தார்.

"பேக்கிங்குக்கு ரப்பர் உறைதானே தம்பி குடுப்பாங்க? இது அவர் போடறது" என்று சுவரிலிருந்த முதல் டப்பாவைக் கண்ணால் காட்டினார். "அந்தக் கை முதலாளியோடது. அதுவும் நம்ம களிம்பைப் பூசிப் பூசித்தான் உறைக்குள்ள போச்சு."