கப்பலா, காரா?

உலகத்தில் பயணம் போகிறவர்கள் உண்டு, போகாதவர்களும் உண்டு. மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது: எப்படிப் போவது என்று ஒப்பிட்டுப் பார்த்தே களைத்துப்போகிறவர்கள். இவர்களைப் பார்க்க நீங்கள் காட்டுக்குப் போக வேண்டாம். சனிக்கிழமை காலை எங்கள் குரோஷியத் தலைநகர் ஸாக்ரெபில் எந்தக் காப்பிக் கடை வாசலிலும், ஒரே கோப்பையை இரண்டு மணி நேரமாக உறிஞ்சிக்கொண்டு ஒருவராவது உட்கார்ந்திருப்பார். என் பக்கத்து வீட்டு திஹோமிர் இந்த இனத்தின் அசல் மாதிரி.

எப்படி அடையாளம் கண்டுகொள்வது? "ஒரு விதத்துல பாத்தா" என்று ஆரம்பிப்பார். மூச்சு விடுவதற்குள் "இன்னொரு விதத்துல பாத்தா" வந்துவிடும். நடுவில் நீங்கள் ஒரு வார்த்தை நுழைத்துவிட்டால் உங்களுக்கு என் பாராட்டு.

போன ஜனவரியில் அவர் மகள் மிர்னாவுக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்தது. செப்டம்பரில் சேர வேண்டும். அங்கே போகும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் முதலில் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் வருவார்கள். பிறகு கிறிஸ்துமஸுக்கு மட்டும். மிர்னாவுக்கும் அது தெரியும். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் சூப் ஆறுவதற்குள் கேட்டுவிட்டாள்.

"அப்பா, நான் கிளம்பறதுக்கு முன்னாடி நாம மூணு பேரும் ஒரு வாரம் எங்கயாவது போயிட்டு வரலாமா?"

"போயிடலாம்டா கண்ணு! கப்பலா, காரா, அதை மட்டும் முடிவு பண்ணிடுவோம்."

அதை மட்டும்!

கப்பலென்றால் ஸ்ப்ளிட் துறைமுகத்தில் ஏறி கிரேக்கத் தீவுகள். காரென்றால் ஆஸ்திரிய மலைகள். பிப்ரவரியில் ஒரு நோட்டு வாங்கினார். இடது பக்கம் கப்பல், வலது பக்கம் கார். கப்பலில் பெட்டியை ஒரு தடவை பிரித்தால் போதும், காரில் தினம் ஓர் ஓட்டல். ஆனால் காரை நினைத்த இடத்தில் நிறுத்தலாம், கப்பலோ திஹோமிர் சொன்னால் நிற்காது. கப்பலில் நாள் முழுக்கச் சாப்பாடு, அதனால் மனைவி நெவென்காவுக்கு ரத்த அழுத்தம் ஏறும். காரில் நெவென்கா வழி சொல்வார், அதனால் இவருக்கு ஏறும். ஏப்ரலில் நோட்டு தீர்ந்தது. இன்னொன்று வாங்கினார்.

நெவென்கா பொறுமை இழந்தார். "என்னங்க, கப்பலுக்கே போவோம். பால்கனி வெச்ச அறை எடுங்க, கடலைப் பாத்துக்கிட்டே தூங்கலாம்."

"பால்கனிக் கதவு இந்தப் பக்கம். வாசக் கதவு அந்தப் பக்கம். ரெண்டும் ஒரே நேரத்துல தொறந்தா?"

"குறுக்குக் காத்து!" நெவென்காவின் குரலே இறங்கிவிட்டது.

நாங்கள் போரைப் பார்த்தவர்கள், நிலநடுக்கத்தைப் பார்த்தவர்கள். ஆனால் எதிரெதிரே திறந்த இரண்டு கதவுகளுக்கு நடுவில் மட்டும் உட்கார மாட்டோம். கழுத்துப் பிடிப்பு, காது வலி, சிறுநீரகக் கோளாறு எல்லாம் அந்தக் காற்றில்தான் வருகின்றன. எங்கள் மருத்துவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார்கள்.

"சரி, ஜன்னலே இல்லாத அறை?"

"மூச்சு முட்டிச் சாகவா?"

"அப்போ கார்லயே போவோம்."

"முன் ஜன்னலை நீ தொறப்ப, பின் ஜன்னலை மிர்னா தொறப்பா. நடுவுல மாட்டறது யார் கழுத்து?"

"ஏசி போட்டுக்கோங்க!"

"ஏசியா! அதுக்குக் குறுக்குக் காத்தே தேவலாம்."

ஜூனில் நானே தாங்காமல் கேட்டேன். "பூவா தலையா போட்டுப் பாரேன்யா?"

"போட்டேன். கப்பல்னு விழுந்துச்சு. ஒரு தடவை போட்டா போதுமான்னுதான் யோசிக்கிறேன்."

ஜூலையில் கப்பலில் இடம் தீர்ந்தது. ஆகஸ்டில் விடுமுறை என்று ஊரே கடற்கரைக்குப் போய்விட்டது. ரொட்டிக் கடைக்காரர்கூடக் கதவில் சீட்டு ஒட்டிவிட்டுப் போய்விட்டார். மிர்னா கேட்பதை நிறுத்திவிட்டாள். "பாரு, அவளே அவசரப்படல" என்று திஹோமிர் என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

மாதக் கடைசியில் மகளை விமான நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். இருபத்தைந்து நிமிடம். மூவரும் சேர்ந்து போன பயணம் அதுதான். வாசலில் நடந்ததை நெவென்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"மிர்னா, முடிவு பண்ணிட்டேன். கப்பல்தான்! அடுத்த வருஷம்."

மகள் அவரைக் கட்டிக்கொண்டாளாம். "அடுத்த வருஷ லீவுக்கு, அங்க இருக்கற தோழியோட போர்ச்சுகல் போறேன்பா. டிக்கெட் எடுத்தாச்சு."

"எப்ப முடிவு பண்ணின?"

"நேத்து. அஞ்சு நிமிஷத்துல."

திஹோமிர் வீட்டுக்கு வந்ததும் இரண்டு நோட்டுகளையும் அலமாரியில் வைத்துப் பூட்டினாராம். எந்த விதத்தில் பார்த்தாலும் இனி எழுத ஒன்றும் இல்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். உங்கள் கைபேசியில் எத்தனை ஊர்களைக் குறித்து வைத்திருக்கிறீர்கள், எத்தனை வருஷமாக? "இந்தப் பரீட்சை முடியட்டும்", "வெயில் குறையட்டும்" என்று யாரிடமும் சொன்னதே இல்லையா? "நான் அந்த இனம் இல்லை" என்பீர்கள். திஹோமிரும் அப்படித்தான் சொல்கிறார். எதற்கும் ஒரு தடவை எழுந்துபோய், உங்களிடம் கேட்ட பிள்ளை இன்னும் வீட்டில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.