வறுத்த பன்றி வேண்டாம், அண்ணா

கம்போங் ச்னாங்

பெரியவரான அண்ணன் தாங் செங் அவர்களுக்குத் தம்பி ஹூர் இரு கை கூப்பி எழுதுவது. புனோம் பென்னில் நீங்களும் அண்ணியும் கடையும் குறைவில்லாமல் இருக்கப் புத்தர் அருளட்டும். இங்கே என் கழுத்து இப்போது நேராக இருக்கிறது. கழுத்துக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். அதற்கு முன் முக்கியமான விஷயம்: கல்யாணத்துக்கு நீங்கள் கொண்டுவருவதாகச் சொன்ன வறுத்த பன்றி வேண்டாம். காரணத்தை உட்கார்ந்து படியுங்கள்.

மகள் சன்ரியா விரும்பிய பையன் விச்செத்தை நான் மறுத்தது உங்களுக்குத் தெரியும். பையன் தங்கம்தான், ஆனால் அவன் அம்மாவைப் பெற்றவர் மிதக்கும் வீட்டு வியட்நாம்காரர். நம் கொள்ளுத்தாத்தா சீனர், கொள்ளுப்பாட்டி இந்த மண்ணின் சுத்தக் கெமர், அதோடு கதவைச் சாத்தியாயிற்று, புதிதாக எந்தக் கலப்பும் உள்ளே வரக்கூடாது என்று நான் சத்தம் போட, மகள் சாப்பாட்டை நிறுத்தினாள், என் மனைவி சிம் என்னிடம் பேச்சை நிறுத்தினாள். சரி, முன்னோரையே கேட்போம், அவர்கள் முகம் கோணினால் கல்யாணம் இல்லை என்று சொல்லி, அவித்த பன்றித்தலையைத் தட்டில் வைத்து ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் பன்றித்தலை சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. யாரும் தொடவில்லை, அண்ணா. நேராக வைத்தேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் மறுபடி சுவரைப் பார்த்தது. வெளியே எறிந்தேன், தெரு நாய்கள் மோந்து பார்த்துவிட்டு ஊளையிட்டுக்கொண்டு ஓடின.

அன்றே என் கழுத்து பிடித்துக்கொண்டது. சாதாரணப் பிடிப்பில்லை. நான் எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாலும் முகம் மட்டும் தானாக மேற்கே போய் நிற்கும். சோறு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். ஆனாலும் உள்ளூர எனக்குச் சந்தோஷம். வீட்டில் ஒருவர் தப்பு செய்தால் அவரை விட்டுவிட்டுச் சும்மா இருக்கிறவரைப் பிடிப்பதுதானே நம் முன்னோர் வழக்கம்? "பாத்தியா, தப்பு பண்ணினது உன் பொண்ணு, வதைபடுறது நான்"னு சிம்கிட்ட மேற்கே பார்த்தபடியே சொன்னேன். அவளோ, "கொஞ்ச நாளா சாயங்காலமானா பின்பக்கம் தண்ணிச் சத்தம் கேக்குதே, அதுவும் என் பொண்ணுதானா?"ன்னா.

அதுவரை நான் கவனிக்கவில்லை. மறுநாள் சூரியன் இறங்கும்போது காது கொடுத்தேன். தண்ணீர் ஜாடியருகே யாரோ சிரட்டையால் மொண்டு மொண்டு ஊற்றுகிறார்கள். வாய் கொப்பளிக்கும் சத்தம்கூடக் கேட்டது. போய்ப் பார்த்தால் ஆள் இல்லை. ஈரக் காலடி மட்டும், சின்னப் பெண் காலடி, ஜாடியிலிருந்து வீட்டுக்குள் வந்து படையல் மேடைக்கு முன்னால் மேற்கே பார்த்து நின்றிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதே இடத்தில் முட்டி பதிந்த ஈரம் இரண்டு, பிறகு நெற்றி அளவுக்கு ஒரு ஈரம். சிம்மைக் கூவி அழைத்தேன், அண்ணா.

கரும்புச்சாறு விற்கிற யின் பெரியம்மாவைக் கூப்பிட்டோம், அவள்தான் எங்கள் தெருவில் சாமியாடி. வந்து உட்கார்ந்தவள் உடம்பு குலுங்கி, தோள் துண்டைத் தலைக்கு மேலே இழுத்து முடியை மூடிக்கொண்டாள். குரல் வேறு யாருடையதோ.

"பன்னித்தலைய வச்சுட்டு என்னை எப்படிடா வரச் சொல்ற?"

"நீங்க யாரும்மா?"

"உன் கொள்ளுத்தாத்தனைக் கட்டினவடா. சாம் முஸ்லிம் ஊர்க்காரி ரொகியா. வீட்டை விட்டு அவரோட படகேறி வந்தேன். இங்க வந்ததும் என்னைக் கெமர்னு சொல்லிட்டாங்க, நானும் வாயை மூடிக்கிட்டேன். தலைமுறை தலைமுறையா என் முன்னால பன்னிய வைக்கிறீங்க, பட்டினியாத் திரும்பிப் போறேன். அந்தப் பையன் கலப்புன்னியாமே, நீ என்னடா?"

தப்பு செய்தவனை விடுகிற முன்னோர் இந்த முறை ஆள் மாறாமல்தான் பிடித்திருக்கிறார்கள். வெட்கத்தில் அழுதே விட்டேன். "கல்யாணம் நடக்கட்டும், தாயே"ன்னு வாய் சொன்னதும் கழுத்து சொடுக்கென்று நேரானது. சன்ரியா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள், அன்றைக்கு மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டாள். விச்செத்தின் அம்மா விஷயத்தைக் கேள்விப்பட்டு மீன் கூடையோடு வந்து, "சம்பந்தி, எங்க வீட்டுல ரெண்டு ரத்தம்தான், உங்க வீட்டுல மூணாமே? நாங்கதான் இனி யோசிக்கணும்"ன்னாங்க. ஆற்றோரத்து சாம் வியாபாரி ஓதி அறுத்துக் கொடுத்த கோழியைப் படைத்தோம். மறுநாள் முதல் பின்பக்கம் தண்ணிச் சத்தமில்லை. ஆகையால் பன்றியின் வாடைகூட இல்லாமல் வந்து சேருங்கள்.

எத்தனை வழி முன்னோர் என்று இப்போது எனக்கே உறுதியில்லை; இருக்கிற அத்தனை பேரும் உங்களைக் காக்கட்டும். அண்ணிக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
தம்பி ஹூர்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது என் கழுத்து பின்பக்கமாக, கிணற்றடியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. யின் பெரியம்மா ஓடி வந்தாள். இந்த முறை ஆண் குரல், அதுவும் ரகசியக் குரல்: "உன் கொள்ளுத்தாத்தன்டா. அவ உயிரோட இருந்தவரைக்கும் நான் பன்னியத் தொடல. செத்தப்புறந்தான்டா கொஞ்சம் வாய்க்கு ருசியா கிடைச்சுது, அதுலயும் மண்ணைப் போடுறியே!" அதனால் அண்ணா, பன்றியைக் கண்டிப்பாகக் கொண்டுவாருங்கள். பின்வாசல் வழியாக வாருங்கள். கிணற்றடியில்தான் வைக்க வேண்டுமாம், பாட்டி சாப்பிட்டு முடித்த பிறகு.