அலுமினிய மூக்கும் அரை ஏக்கர் மரச்சீனியும்

மனித குலம் சக்கரத்துக்கு அடுத்தபடியாகக் கண்டுபிடித்த மகத்தான பொருள், துப்பாக்கித் தோட்டாவின் மூக்கு நுனியில் வைக்கும் அலுமினியத் தொப்பிதான் என்பதில் ராஜமணிக்குக் கடுகளவும் சந்தேகம் கிடையாது. மின்சாரம், தடுப்பூசி எல்லாம் அதற்குப் பிறகுதான். அவர் லேசுப்பட்ட ஆளில்லை. அனந்தபுரி நெடுந்தூரச் சுடுவோர் சங்கத்தின் கௌரவச் செயலாளர். அரசு அலுவலகம் ஒன்றில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டம் போடாமல் எந்தக் காரியத்தையும் செய்துவிடக் கூடாது என்ற நற்பண்பை அங்கேதான் கற்றுக்கொண்டார்.

சங்கம் பட்டணத்தில், தம்பானூரில் ஒரு லாட்ஜின் மாடி ஹாலில் கூடும். கீழே ஆட்டோக்காரர்கள் தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருக்க, மேலே ஒரு கிலோமீட்டர் தாண்டிக் குறி வைப்பது பற்றி அமைதியாக விவாதம் நடக்கும். உறுப்பினர் எவரும் இதுவரை அத்தனை தூரம் சுட்டதில்லை. ராஜமணியோ பக்கத்தில்கூடச் சுட்டதில்லை. சுட்டுப் பார்த்துவிட்டால் அபிப்பிராயம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆராய்ச்சி கெட்டுவிடும் என்று அஞ்சினார். இந்த நேர்மை யாருக்கு வரும், சொல்லுங்கள்!

விஷயம் இதுதான். தோட்டா அதிவேகமாகப் பறக்கும்போது காற்றின் உரசலில் சூடேறி, அதன் பிளாஸ்டிக் மூக்கு மழுங்கிப்போகிறதாம். மூக்கு மழுங்கினால் போகிற வழி கோணுமாம். ஆகவே உலோக மூக்கு. வினீத் என்ற கம்ப்யூட்டர் இளைஞன் வரைந்து கொடுத்த வடிவத்தை, ஆசாரியை வைத்துத் தேக்கில் முழ நீளத்துக்குக் கடைந்து, நுனியில் அலுமினியம் பொருத்தி, சிவப்பு வெல்வெட்டின் மேல் வைத்திருந்தார்கள். சங்கத்தின் கையிலிருந்த ஒரே உலோக மூக்குத் தோட்டா அந்த மரத்துண்டுதான். கூட்டம் தொடங்குமுன் எல்லாரும் அதை ஒருமுறை தொட்டுக் கும்பிடாத குறையாகத் தடவிப் பார்ப்பார்கள்.

இப்படி உலகம் முன்னேறிக்கொண்டிருந்த வேளையில்தான் ராஜபாய் போன் செய்தாள்.

ராஜபாய், ராஜமணியின் கூடப்பிறந்த தங்கை. பொன்முடி மலையடிவாரத்தில் கல்லாறு என்ற ஊரில் ஒரு சின்னச் சாயாக்கடை வைத்திருக்கிறாள். மலை ஏறப் போகிற டூரிஸ்டுகளுக்கு மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு அவித்து மீன்கறியோடு கொடுப்பாள். கிழங்கு, கடைக்குப் பின்னால் அவள் தன் கையால் நட்ட அரை ஏக்கரிலிருந்து வரும். புருஷன் இறந்த பிறகு அவளுக்கும் காலேஜில் படிக்கும் மகளுக்கும் அந்த விளைதான் சோறு. அந்த விளையில் காட்டுப்பன்றி இறங்கிவிட்டது.

“அண்ணே, ஒரு மூலையை உழுது போட்டிருக்கு. சுடுறதுக்குப் பஞ்சாயத்துல ஆர்டர் ஆயாச்சு. உங்க பிரசிடென்ட் சாரைத்தான் அதுக்குப் போட்டிருக்காவளாம். எப்படியாவது அவரை ஒண்ணு கூட்டிட்டு வரணும்.”

“பன்னி எவ்வளவு தூரத்துல வருது?”

“தூரமா? அடுப்பங்கரை சன்னலத் திறந்தா மூஞ்சி தெரியும்.”

ராஜமணிக்கு மனம் சோர்ந்துவிட்டது. “அவ்வளவு பக்கத்துல வந்தா எப்படிம்மா?” என்றார் வருத்தத்தோடு.

மலையாளியான சங்கப் பிரசிடென்ட் கிருஷ்ணகுமாரிடம் அப்பா வழி வந்த லைசென்ஸ் துப்பாக்கி ஒன்று உண்டு. நாற்பதடிக்குள் வரும் பன்றிக்கு அது தாராளம். ஆனால் உலோக மூக்குத் தோட்டா வரும்வரை விசையைத் தொடுவதில்லை என்று அவர் சபதம் எடுத்திருந்தார்.

“பக்கத்துல நின்னு வெடி வைக்கிறது யாரும் செய்யும், ராஜமணி. நம்ம சங்கத்துக்குன்னு ஒரு அந்தஸ்து உண்டு கேட்டோ” என்றார் அடுத்த கூட்டத்தில். எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். முதற்கட்டமாகக் கல்லாற்றில் ‘கள ஆய்வு’ நடத்துவது, சுடுவது பற்றி மூன்றாம் கட்டத்தில் யோசிப்பது என்று தீர்மானம் நிறைவேறியது.

தங்கை மறுபடி கூப்பிட்டாள். “இப்ப ரெண்டு வரிசையும் போச்சு அண்ணே.”

“பயப்படாதே, தீர்மானம் போட்டாச்சு” என்று தைரியம் சொன்னார் அண்ணன்.

கள ஆய்வு நாளும் வந்தது. வேன், ஜீப், பேனர், டெலஸ்கோப், காற்றளக்கும் கருவி, வெல்வெட்டோடு தேக்குத் தோட்டா. ரோட்டோரமாக ஒரு ஜேசிபி காலையிலிருந்தே மண் தள்ளிக்கொண்டிருந்தது. அதையும் தாண்டி இவர்கள் ஆரவாரம் கேட்டது. ராஜபாய்க்கு ஒரே சந்தோஷம். தன் விளைக்காகப் பட்டணத்திலிருந்து இத்தனை பெரிய மனிதர்களா! காசு வாங்க மாட்டேன் என்று சொல்லி, எல்லாருக்கும் சாயாவும் பழம்பொரியும் போட அடுப்பங்கரைக்கு ஓடினாள்.

கிருஷ்ணகுமார் ரோட்டின் மேல்வளைவில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, அதன் மேல் ஏறி டெலஸ்கோப்பில் பார்த்தார்.

“ஒண்ணும் காணான் இல்லல்லோ! எல்லாம் இலை!”

“இலையில பட்டா மூக்குத் திரும்பிரும் சார்” என்றான் வினீத் கவலையாக. “என் கணக்கே போச்சு.”

ஜீப்பைச் சுற்றி அவசரக் கூட்டம் கூடியது. ‘பார்வைத் தடைகளை’ அப்புறப்படுத்த வேண்டும் என்று வினீத் முன்மொழிந்தான். ராஜமணிக்குத் திக்கென்றது. கிழங்கு இன்னும் முற்றவில்லையே என்று சொல்ல வாயைத் திறந்தார். ஆனால் செயலாளர் என்கிறவர் சொந்தபந்தம் பார்க்கலாமா? சங்கத்தின் நடுநிலை என்ன ஆகும்? திறந்த வாயாலேயே “வழிமொழிகிறேன்” என்று சொல்லிவிட்டார்.

ரோட்டோர ஜேசிபியைக் கைதட்டிக் கூப்பிட்டார்கள். அது விளைக்குள் இறங்கியது. ரோட்டுப் புழுதிக்குச் சன்னலை அடைத்துவிட்டு அடுப்பங்கரையில் இருந்த ராஜபாய்க்குச் சத்தம் கேட்கத்தான் செய்தது. ரோட்டு வேலை என்று நினைத்துக்கொண்டாள். இரண்டாம் வட்டம் சாயாவுக்குப் பால் காய்வதற்குள் அரை ஏக்கரும் மைதானமாகிவிட்டது.

“இப்போ கிளியர்!” என்று மேலிருந்து குரல் கொடுத்தார் பிரசிடென்ட்.

வினீத் கணக்குப் போட்டான். தின்ன ஒன்றுமில்லாத இடத்துக்குப் பன்றி வராது. ஆகவே பன்றித் தொல்லை பூஜ்யம். தோட்டாச் செலவும் பூஜ்யம். ஒருவரையொருவர் கைகுலுக்கிக்கொண்டார்கள். பேனரை விளையின் நடுவில் பிடித்து போட்டோவும் எடுத்துக்கொண்டு, மற்றவர்கள் ஜீப்புக்கு ஏறிப் போனார்கள். தங்கையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்று ராஜமணி மட்டும் பின்தங்கினார்.

ராஜபாய் தட்டில் சாயாக் கிளாஸ்களோடு வந்தாள். அப்படியே நின்றுவிட்டாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, மண்ணில் புரண்டு கிடந்த ஒரு செடியை வேரோடு எடுத்தாள். கிழங்கு விரல் தடிமன்கூட ஆகவில்லை.

“பன்னி ராத்திரியில பதுங்கிப் பதுங்கித்தான் வந்தது அண்ணே” என்றாள். “ஆள் இருமுனா ஓடிரும். தின்னதும் ஒரு மூலையும் ரெண்டு வரிசையும்தான். நீங்க பட்டப்பகல்ல பேனர் கட்டிட்டு வந்து முழுசையும் அழிச்சுப் போட்டீங்க. உங்களுக்கு நான் சாயா வேற போட்டுத் தந்தேன்.”

மேல்வளைவில் ஜீப்பின் மேல் நின்ற கிருஷ்ணகுமாருக்கு அங்கிருந்து எதுவும் கேட்கவில்லை. கையைக் காதில் குவித்துக்கொண்டு கத்தினார்:

“ராஜமணீ! அவங்க எந்தா பறயுன்னது?”

ராஜமணி தங்கையின் முகத்தைப் பார்க்காமல், மேல்வளைவுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

“நன்றி சொல்லுதா, சார்!”