டிக்கியில் ஏழு மூட்டை

மேட்டு உச்சியில் இருந்த வீட்டுக்கு இன்னும் பத்தடிதான். அந்தப் பத்தடிக்கு முன்னால் கார் நின்றது, உறுமியது, பிறகு வந்த வழியே பின்னோக்கி வழுக்கிக்கொண்டு மேட்டடிக்கே போய்ச் சேர்ந்தது.

ஆணி பதித்த குளிர்கால டயர்களை இல்மாரி நேற்றுத்தான் மாட்டியிருந்தார். பக்கத்தில் மனைவி ஹெல்கா, மடியில் உருளைக்கிழங்குப் பையோடு.

"நான் நடந்தே போறேன். நீ என் சக்களத்தியோட இங்கேயே இரு."

"பின்சக்கரம் தள்ளுற வண்டி, ஹெல்கா. பனியில கொஞ்சம் பக்குவமா..."

"சனிக்கிழமைக்குள்ள இது நம்ம வாசல்ல நிக்கணும். இல்லேன்னா அந்தேரோ வந்து பழைய இரும்புக் கடைக்கு இழுத்துட்டுப் போவான்."

அந்தேரோ அவளுடைய தம்பி. முன்சக்கரம் இழுக்கும் புதுக் கார் வைத்திருந்தான். பார்ப்பவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

இல்மாரி ஸ்டியரிங்கைத் தடவிக் கொடுத்தார். அவர்கள் மகள் பிறந்ததே இந்தக் காரின் பின்சீட்டில்தான், ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில். அதையா நொறுக்கக் கொடுப்பது? தவிர, வருஷத்தில் பாதி பனி மூடிக்கிடக்கும் லாப்லாந்தில் பிறந்து வளர்ந்தவன் பனியிடம் தோற்றான் என்றால் வேலை பார்க்கும் மில்லில் தலைகாட்ட முடியாது.

மறுநாள் மர மில்லில், கூட வேலை பார்க்கும் கௌக்கோ வழி சொன்னான்.

"பின்னாடி கனம் இல்லேன்னா சக்கரம் சும்மா சுத்தும்யா. டிக்கியில மணல் மூட்டை போடு."

மேட்டடியில் ஊராட்சி வைத்த மஞ்சள் பெட்டி நிறைய மணல் இருந்தது. ஊருக்குப் பொது. வழுக்காமல் இருக்கத்தானே மணல், நம்மைவிட வழுக்குகிறவன் இங்கே யார் என்று இல்மாரி இரண்டு மூட்டை அள்ளிக் கட்டினார்.

புதன்கிழமை கார் பாதி மேடு ஏறி, தபால் பெட்டிகள் வரிசையாக நிற்கும் இடத்தோடு திரும்பி வந்தது.

"நேத்து பத்தடிதானே பாக்கி இருந்துச்சு?" என்றாள் ஹெல்கா.

"கனம் பத்தல."

இன்னும் இரண்டு மூட்டை அள்ளினார். வியாழக்கிழமை காரின் மூக்கு தூக்கிக்கொண்டது. முகப்பு விளக்கு சாலையை விட்டுவிட்டு மர உச்சிகளைக் காட்டியது. முன்சக்கரம் ஸ்டியரிங்கின் பேச்சைக் கேட்கவில்லை. தபால் பெட்டிகளைக்கூடப் பார்க்காமல் கார் ஓரத்துப் பனிக்குவியலில் புதைந்தது.

மேட்டடி வீட்டு சைமா, காலால் உந்தும் சறுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். எழுபது வயது. வண்டியில் ஒரு காலி வாளி ஆடிக்கொண்டிருந்தது.

"என்ன இல்மாரி, விளக்குப் போட்டு ஆந்தை தேடுறியா?"

"இந்த வருஷம் மேடே சரியில்ல அக்கா."

"ஆமாய்யா. காலைல நானே ரெண்டு தடவை விழுந்தேன்," என்று இடுப்பைத் தடவிக்கொண்டார்.

பாவம் என்று இல்மாரி மனம் இளகினார். பனியைத் தோண்டிக் காரை வெளியே எடுத்தார். பிறகு பெட்டியின் அடிவரை வழித்து இன்னும் மூன்று மூட்டை ஏற்றினார். பின்பக்கம் தரையைத் தொட்டது.

சனிக்கிழமை மதியம் அந்தேரோ கயிற்றோடு வந்து இறங்கினான். வேடிக்கை பார்க்க ஹெல்காவும் மேலிருந்து புறப்பட்டாள். பாதி நடந்து, மீதியை உட்கார்ந்தே வந்து சேர்ந்தாள்.

இல்மாரி கடைசி முறையாகக் காரைக் கிளப்பினார். பின்சக்கரங்கள் ஒரே இடத்தில் சுற்றின. ஒரு முழம்கூட ஏறவில்லை. அவர் இறங்கி, சாவியை மைத்துனன் கையில் வைத்தார்.

"வருத்தப்படாதீங்க மாமா. வயசான வண்டி," என்றான் அந்தேரோ. "நான் மேல போய் ஒரு காப்பி குடிச்சிட்டு வந்து இதை இழுத்துக்கறேன். முன்சக்கர வண்டி எப்படி ஏறுதுன்னு பாருங்க."

அவனுடைய புதுக் கார் கம்பீரமாகப் புறப்பட்டது. நாலு முழம் போனதும் தயங்கியது. பிறகு அப்படியே பின்னால் வழுக்கி வந்து, பழைய காரின் பக்கத்தில் ஜோடியாக நின்றது.



"உனக்கும் பின்சக்கரமா தம்பி?" என்றாள் ஹெல்கா.

அப்போது சைமா வாளியோடு வந்து மஞ்சள் பெட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே பார்த்தார். இல்மாரி ஏனோ மெல்ல நகர்ந்து, டிக்கியை மறைத்தபடி நின்றுகொண்டார்.

"வாரம் பூரா குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு, இன்னிக்கு ஒரு கைப்பிடிகூட இல்ல," என்றார் சைமா. "தினம் விடியறதுக்குள்ள இந்த மணலை நான் மேடு முழுக்கத் தூவுறதாலதான்யா இத்தனை வருஷமா உங்க வண்டியெல்லாம் ஏறுது!"