பத்தாயிரம் வாலா வாசல் திரை

எங்கள் வீட்டு வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது வாழ்க்கையிலேயே ஒரே ஒரு தடவைதான். அடிதடி இல்லை, திருட்டு இல்லை. நான் வாசலுக்கு ஒரு திரை செய்தேன், அவ்வளவுதான். (கைவேலை செய்தால் மனசு லேசாகும் என்று செல்போனில் ஒரு பொம்பளை சிரிக்கச் சிரிக்கச் சொல்வாள். அவள் சிவகாசிப் பக்கம் வந்ததே இல்லை போல.)

கேஸில் முதலில் சேர்க்க வேண்டியது என் நாத்தனாரை, நான் மதினி என்று கூப்பிடுகிறவரை. காரியாபட்டியில் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினார். போனோம், சாப்பிட்டோம், எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அடுப்படி வாசலில் மட்டும் ஒரு கண்ணாடி மணித் திரை தொங்கியது. யார் உள்ளே போனாலும் சலசலவென்று ஒரு சத்தம். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் ஏழு தடவை போய் வந்தேன். எட்டாவது தடவை மதினி, "என்ன ராணி, அம்புட்டுத் தாகமா?" என்று கேட்டுவிட்டார். மானம் போய்விட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே முடிவு செய்தேன். அடுத்த மாதம் மதினி நம் வீட்டுக்கு விருந்துக்கு வரும்போது நம் வாசலிலும் ஒன்று தொங்க வேண்டும். கடையில் வாங்கியது அல்ல, கையால் செய்தது.

என் வீட்டுக்காரரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பதினோரு வருடம் வேலை பார்த்து, பரீட்சை எழுதி, அப்போதுதான் போர்மேன் ஆகியிருந்தார். அவர் பார்க்கிற ஷெட்டுகளில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருடைய உயிரும் அவர் பொறுப்பு. அதனால் வீட்டிலும் சட்டம் கடுமை. கம்பெனித் துண்டுக் காகிதம்கூட வாசற்படி தாண்டக் கூடாது. வந்ததும் குளித்துவிட்டுத்தான் மகளைத் தூக்குவார். தீபாவளிக்குக்கூட எங்கள் வீட்டில் மத்தாப்போடு சரி. இப்படிப்பட்ட மனிதருக்குத் தெரியாமல்தான் நான் மொட்டை மாடியில் தொழில் ஆரம்பித்தேன். சர்ப்ரைஸாம்! (புத்தி எங்கே போச்சோ.)

செல்போன் பொம்பளை காட்டிய வழி சுலபமாக இருந்தது. பழைய காகிதத்தைக் குச்சியில் சுற்றி, பசை தடவி, சின்னச் சின்னக் குழாயாக்கி, சாயம் பூசி, நூலில் கோத்தால் திரை. எங்கள் ஊரில் காகிதத்துக்கா பஞ்சம்? பிழையாக அச்சான காலண்டர் தாள்கள் வேஸ்ட் கடையில் மலையாகக் கிடக்கும். ஒரு சாக்கு வாங்கி வந்தேன். மைதாவைக் காய்ச்சிப் பசையாக்கி, அதிலேயே சிவப்புச் சாயப்பொடியைக் கலந்தேன். இட்லிச் சட்டி அன்றைக்குச் சிவந்தது, இன்றுவரை ரோஸ் கலராகவே இருக்கிறது.

வீடியோவில் அவள் சுற்றிய குழாய்கள் கோணல்மாணலாக இருந்தன. என்னுடையவை அப்படி இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஐந்து வருடம் நான் பட்டாசுக்குக் குழாய் சுற்றியவள், வெடிச் சரம் பின்னியவள். கை மறக்குமா? எல்லாம் ஒரே நீளம், ஒரே கனம். கோக்கிற நேரத்திலும் கை என்னைக் கேட்கவில்லை. ஒன்றன் கீழ் ஒன்றாகத்தான் கோக்க உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தால், இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று ஜோடி ஜோடியாகப் பின்னி வைத்திருக்கிறேன். 'அட, இதுவும் அடர்த்தியா நல்லாத்தான் இருக்கு' என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

இரண்டு வாரத்தில் நாற்பது சரம். ஆளுயரம். ரத்தச் சிவப்பு. மொட்டை மாடிக் கொடியில் வரிசையாகக் காய்ந்தன. தெருவிலிருந்து யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று சுற்றிலும் தார்ப்பாய் கட்டினேன். இவர் வேலைக்குப் போனதும் மாடிக் கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். சாயங்காலம் எல்லாவற்றையும் சுருட்டிச் சாக்கில் ஒளித்துவைப்பேன். எந்தத் திருட்டுக்காரியும் என்னளவு ஒழுங்காகச் செய்திருக்க மாட்டாள்.

அதே மாடியில்தான் என் தோட்டமும். எண்ணெய் டின்களில் ரோஜா, கத்தரி, மிளகாய். ரோஜா இலையில் சாம்பல் மாதிரி நோய் விழுந்ததால் உரக்கடையில் கந்தகத் தூள் வாங்கி வைத்திருந்தேன். தொட்டி மண்ணில் கலக்க ஒரு டப்பா நிறையக் கரித்தூள். டின்கள் பளபளக்கப் பூசலாம் என்று கொஞ்சம் சில்வர் பவுடர். அந்த மூன்றும் ஒரு பட்டாசு ஊரில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் ரோஜாவையும் மதினியையும் மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதினி வருகிறார். வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஜீப் வந்தது.

ஒரு பெண் எஸ்.ஐ., ஒரு போலீஸ்காரர், வெள்ளை வெளேர் சட்டையில் எங்கள் வி.ஏ.ஓ. அந்தச் சட்டையைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

"இங்க ராணிங்கிறது யாரு?" என்றார் எஸ்.ஐ.

"நான்தான் மேடம்."

"மாடியில என்னமா ஓடுது?"

"ஒண்ணும் ஓடல மேடம். காயுது."

சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் பதிலின் அழகு எனக்கே தெரிந்தது. மூன்று பேரும் மேலே ஏறினார்கள். கடைசிப் படியில் வி.ஏ.ஓ. தார்ப்பாயை விலக்கிப் பார்த்தார், அப்படியே மூன்று படி பின்னால் இறங்கினார்.

"யாத்தீ! பத்தாயிரம் வாலா! யாரும் செல்லை எடுக்காதீக. ஆடாம நில்லுங்க!"

சரவெடியே செய்யக் கூடாது என்று தடை இருக்கிற காலம் அது. நாற்பது சரம், வெயிலில், ஒரு வீட்டு மொட்டை மாடியில்.

"சார், அது வாசலுக்குத் தொங்கவிடுற திரை சார்" என்றேன்.

"வெடியைத் தொங்கவிட்டா வீட்டுக்குள்ள போவீக?"

எஸ்.ஐ. தைரியசாலி. மெதுவாக டப்பாக்கள் பக்கம் போனார். மஞ்சள் டப்பாவைக் காட்டி, "மஞ்சத்தூளா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய் முந்திக்கொண்டது. "இல்ல மேடம், கந்தகம்."

"கறுப்பு?"

"கரித்தூள்."

"அந்த வெள்ளி?"

"சில்வர் பவுடர். எல்லாம் ரோஜாவுக்கு மேடம்."

"ரோஜாவுக்கு" என்று போலீஸ்காரர் நோட்டில் எழுதிக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்தால் நம்பி எழுதின மாதிரி இல்லை.

பட்டாசு பிடிபட்டால் முதலில் நனைக்க வேண்டுமாம். செடிக்கு நான் பிடித்து வைத்திருந்த டிரம் தண்ணீரையே வாளி வாளியாக மொண்டு என் திரைமேல் ஊற்றினார்கள். இரண்டு வார உழைப்பிலிருந்து சிவப்பு ஆறு ஓடி, மாடிக் குழாய் வழியாகத் தெருவில் விழுந்தது. கீழே கூட்டம் கூடிவிட்டது. நான் அழுதேன். பயத்தில் இல்லை, அநியாயமாகச் சாயம் போகிறதே என்றுதான்.

"வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று எஸ்.ஐ. கேட்டார்.

"பட்டாசுக் கம்பெனியில போர்மேன் மேடம்."

போலீஸ்காரர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். வி.ஏ.ஓ. மெதுவாக, "போர்மேன் வீட்டுலேயேவா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது கேஸானால் எனக்கு மட்டும் போகாது. பதினோரு வருடம் கஷ்டப்பட்டு அந்த மனிதர் வாங்கின பேர் போகும், வேலை போகும். ஒரு மணித் திரைமேல் பொறாமைப்பட்டு நான் எதைப் பணயம் வைத்திருக்கிறேன் என்று புரிந்தது. அழுகை நின்றுவிட்டது. அது பெரிய பயம்.

போன் போட்டு இவரை வரவழைத்தார்கள். வேர்க்க விறுவிறுக்க வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேராகக் கொடிக்குப் போய் ஒரு குழாயை உருவினார். உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். பிறகு வாயில் வைத்து ஊதினார். மறுபக்கம் காற்றும் சிவப்புத் தண்ணீருமாகப் பீய்ச்சியது.

"வெறுங்குழாய் சார். ரெண்டு பக்கமும் தொறந்து கெடக்கு. ஒரு பொட்டு மருந்து கெடையாது." வெற்றிலை போட்டவர் மாதிரி உதடு சிவக்க நின்று சொன்னார். அந்தக் கோலத்திலும் யாரும் சிரிக்கவில்லை.

எஸ்.ஐ. பத்துப் பன்னிரண்டு குழாய்களைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே போன வருடத்துக் கிழமைகளும் ராகுகாலமும்தான் இருந்தன. ஆனாலும் வி.ஏ.ஓ.வுக்கு மனசு ஆறவில்லை. "திரைன்னா தொங்கவிட்டுக் காட்டுங்க. பார்த்துட்டு எழுதுறேன்."

கீழே தூக்கிக்கொண்டு வந்து வாசல் நிலையில் கட்டினோம். சொட்டச் சொட்டத் தொங்கியது. உண்மையைச் சொன்னால், அழகாகத்தான் இருந்தது. வி.ஏ.ஓ. தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இதுக்குள்ள எப்படிப் போவீக?" என்று கேட்டுக்கொண்டே அவரே உள்ளே போனார். பிறகு வெளியே வந்தார்.

போனது வெள்ளைச் சட்டை. வந்தது, முன்னாலும் பின்னாலும் சிவப்புப் பட்டை போட்ட சட்டை. தோளில் ஒரு குழாய் வேறு ஒட்டிக்கொண்டிருந்தது. முதலில் சிரித்தது எஸ்.ஐ.தான். அப்புறம் போலீஸ்காரர், அப்புறம் தெருவே சிரித்தது. வி.ஏ.ஓ. குனிந்து தன்னைப் பார்த்துவிட்டு, "என் வீட்டுக்காரி என்னைய என்ன கேப்பா தெரியுமாம்மா?" என்று பரிதாபமாகக் கேட்டார். தீங்கில்லை என்று எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். கந்தக டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ரோஜாவுக்கு விதி அவ்வளவுதான்.

எல்லாரும் போன பிறகு இவர் கேட்டது ஒரே கேள்வி. "எங்கிட்ட ஏன் புள்ள சொல்லல?"

"சர்ப்ரைஸா இருக்கட்டும்னு..."

"எங்க தொழில்ல சர்ப்ரைஸே வரக் கூடாது."

திட்டியிருந்தால் தேவலை. அந்த ஒரு வரிக்கு நான் மறுபடி அழுதேன். அவர் ஒரு குழாயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு யாருக்கோ சொல்வதுபோல, "சுத்து நல்லாத்தான் இருக்கு" என்றார்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு மாரித்தாய் அக்கா வந்தார். உட்காரவில்லை. "போலீஸுக்குப் போன் போட்டது நான்தான் ராணி" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் சொல்லிவிட்டார். "எந்தம்பி இப்படித்தான் வீட்டுல வச்சு வெடி செஞ்சு, அதுலயே போயிட்டான். நான்தான் கண்ணால பார்த்தும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். மூணு நாளா தார்ப்பாய்ச் சந்து வழியா உன் மாடியைப் பாக்குறேன், சோறு எறங்கல. உன் புள்ள பள்ளிக்கூடம் விட்டு ஓடியாந்து அந்த மாடிப் படியிலதானே ஏறுது?"

அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன், காப்பி போட்டேன். ரோஸ் கலர் இட்லிச் சட்டியைக் காட்டினேன். அந்த அழுகையிலும் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதினி வந்தார். செய்தி அவருக்கு முன்பே காரியாபட்டி போய்ச் சேர்ந்திருந்தது. வாசலுக்கு வெளியே நின்று, பட்டாசு ஷெட்டுக்குள் நுழையும் முன் உடம்பு மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொடுவார்களே, அந்த மாதிரி எங்கள் கேட்டுக் கம்பியைத் தொட்டார். இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "செல்லு இல்ல, தீப்பெட்டி இல்ல. உள்ள வரலாமா ராணி?" என்னுடைய கோழிக்குழம்பைப் பற்றி அன்று யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இது நடந்து ஆறு வருடம் இருக்கும். எங்கள் சொந்தத்தில் இன்றுவரை ஒருத்தரும் கேட்டுக் கம்பியைத் தொடாமல் வீட்டுக்குள் வருவதில்லை. தெருவில் எனக்குப் பெயரே 'வாலா ராணி'. வி.ஏ.ஓ. எங்கள் தெருவுக்கு வந்தால் காப்பிக்கொட்டைக் கலர் சட்டையில்தான் வருகிறார். இப்போது தொங்குவது இரண்டாவது திரை. வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தெரு பார்க்க, மாரித்தாய் அக்காவும் நானும் சேர்ந்து செய்தது. மஞ்சள் நிறம். ஜோடி கிடையாது, ஒற்றை ஒற்றையாகக் கோத்தது. (கையை அதட்டி அதட்டித்தான் கோத்தேன்.)

இவரும் சும்மா இல்லை. கம்பெனி கேட்டில் நாளெல்லாம் மற்றவர்களைச் சோதனை போடுகிற மனிதர், சாயங்காலம் எங்கள் மஞ்சள் திரைக்கு முன்னால் வந்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறார். "சோதனை போட்டுக்க. நான் எதையும் ஒளிக்கிற ஆள் இல்ல." நானும் விடுவதில்லை. தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்ப்பேன். சில நாள் சட்டைப் பையில் சூடாகச் சாத்தூர் சேவுப் பொட்டலம் இருக்கும்.

உடனே பறிமுதல்தான்.